இலக்கணத்துக்குக் கோடு கிழித்தால் குற்றமா?

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் நான் கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். ஒன்றனுள் ‘நேர்’ என்றும் மற்றொன்றனுள் ‘நிரை’ என்றும் எழுதினேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சில அம்புக்குறிகள் இட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவே. வகுப்பைப் பார்வையிட வந்திருந்த பெரியவர் ஒருவர், தமிழ்ப் புலமையில் நம் அனைவர்க்கும் மூத்தவர், நான் பெரிதும் மதிப்பவர், மணி அடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இலக்கணம் ஓத வேண்டியது, வரைய வேண்டியது அன்று. படம் காட்டிப் பிழைப்பதற்கு வேறு தொழில்கள் இருக்கின்றன.”

அடுத்து வந்த செயற்குழுக் கூட்டத்தில் இச்செய்தி பேச்சுக்கு வந்தது. பெற்றோர் சார்பில் ஓர் அன்பர் எழுந்து, “டெல்லியில் வளரும் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போனால் பாட்டியுடன் பேசத் தெரிந்தால் போதாதா? யாப்பு எதற்கு, தளை எதற்கு?” என்று கேட்டார். பெரியவர், “தப்பும் தவறுமாய்க் கற்பதைவிடக் கற்காமல் இருப்பதே மேல்” என்றார். எதிரெதிர்க் கரைகளில் நின்ற இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: வரும் ஆண்டுப் பாடத்திட்டத்தில் யாப்பு வேண்டாம். ஒருவர் அதைப் பூசையறையில் வைத்துப் பூட்டச் சொல்கிறார். மற்றவர் பரணில் தூக்கிப் போடச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் பிள்ளைகளின் கை எட்டாது. முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்பதால் இம்மலரின் பக்கங்களை எனக்கு வழக்காடும் மன்றமாக்கிக் கொள்கிறேன். பதிப்பாசிரியர் பொறுத்தருள்க.

நான் புலவன் அல்லன். மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். இளங்கலைப் பட்டத்தோடு படிப்பு நின்றது. ஆனால் விதிகளோடு நாள்தோறும் குடித்தனம் நடத்துபவன் என்ற உரிமை எனக்கு உண்டு. விடுப்பு விதி, பயணப்படி விதி, ஓய்வூதிய விதி என்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை விதிகளின் நடுவில்தான் வாழ்கிறேன். ஒரு முறை எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘பத்தாண்டுப் பணி முடித்த எழுத்தர்களும் தட்டச்சர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்பது அதன் கருத்து. மூன்றாண்டுப் பணி மட்டுமே முடித்திருந்த தட்டச்சர் ஒருவர் விண்ணப்பித்துவிட்டார். ‘பத்தாண்டு’ என்பது எழுத்தர்க்கு மட்டுந்தானே, தட்டச்சர்க்கு இல்லையே என்பது அவர் வாதம். கோப்பு மூன்று திங்கள் மேலும் கீழும் அலைந்தது. எல்லாரும் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓதினோம். ஓத ஓத அது இரண்டு பொருளும் தந்துகொண்டே இருந்தது. கடைசியில் நான் ஒரு தாளில் இரண்டு கிளைப் படங்கள் வரைந்தேன். ஒன்றில் ‘பத்தாண்டு’ என்ற கிளை இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. மற்றொன்றில் எழுத்தரை மட்டும் பிடித்திருந்தது. அதிகாரி அரை நிமிடம் பார்த்தார். “இவ்விரண்டில் எது நம் கருத்து என்று மேலிடத்தைக் கேளுங்கள்” என்று எழுதிக் கையொப்பமிட்டார். கோப்பு அன்றே நகர்ந்தது.

இதைச் சொன்னது என் திறமையைப் பறைசாற்ற அன்று. விதியை ஓதிக்கொண்டே இருப்பவனுக்குத் தெரியாத ஒன்று, அதை வரைபவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது என்பதைக் காட்டவே. தமிழிலும் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ‘பெரிய கோயில் மணி’ என்று சொல்லிப் பாருங்கள். பெரியது கோயிலா, மணியா? ‘பெரிய’ என்ற கிளை ‘கோயில்’ என்பதைத் தொட்டால் ஒரு பொருள். ‘கோயில் மணி’ என்ற முடிச்சைத் தொட்டால் மற்றொரு பொருள். நாவுக்கு ஒன்றாய் இருப்பது கண்ணுக்கு இரண்டாய்ப் பிரிகிறது. ‘வேலை செய்தான்’ என்பதையும் ‘வேலைச் செய்தான்’ என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னவன் உழைப்பாளி, பின்னவன் வேல் வடித்த கொல்லன். அந்த ஒற்றைச் சகரமெய் ஏன் வந்தது என்பதை ‘இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்’ என்று ஓதி மனத்தில் நிறுத்தலாம். ‘வேல்’ என்று ஒரு பெட்டி, ‘ஐ’ என்று ஒரு பெட்டி, பக்கத்தில் ‘வேலை’ என்று ஒரே பெட்டி எனப் போட்டுக் காட்டினால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே சொல்லிவிடும்.

இலக்கணத்தை வரைவது என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரு ஆசிரியர்கள் 1877-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் வாக்கியங்களைக் கோடுகளாக வரைந்து காட்டினார்கள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒரு குத்துக்கோடு. அடைமொழிகள் கீழே சாய்ந்து தொங்கும் கோடுகள். பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கோடுகளின்மேல் நடந்துதான் தங்கள் மொழியின் வாக்கிய அமைப்பைக் கற்றார்கள். 1957-இல் நோம் சோம்ஸ்கி வாக்கிய அமைப்பைப் பற்றி எழுதிய சிறு நூலுக்குப் பிறகு, தலைகீழாய் நிற்கும் மரப்படம் மொழியியலாரின் அன்றாடக் கருவியாகிவிட்டது.

கணிப்பொறி மொழிகளின் கதை இதனினும் சுவையானது. மனிதன் மொழியை முதலில் பேசினான், பின்னர் இலக்கணம் கண்டான். கணிப்பொறி மொழிக்கோ இலக்கணத்தை முதலில் வகுத்துவிட்டுத்தான் மொழியையே பிறப்பிக்க வேண்டும். ஜான் பேக்கஸ் என்பவர் அதற்கென ஒரு குறியீட்டு முறையை அமைத்தார். பீட்டர் நௌர் பதிப்பித்து 1960-இல் வெளிவந்த அல்கால் மொழியின் அறிக்கை அம்முறையில் எழுதப்பட்டது. சூத்திரம் போலச் சுருக்கமானது; ஐயத்துக்கு இடம் குறைவானது. பாணினியின் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, இதன் பெயரில் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 1967-இல் ஒருவர் கணிப்பொறி ஆய்விதழ் ஒன்றுக்குக் கடிதமே எழுதினார். சூத்திரத்தின் பெருமை அறியாதவர்கள் அல்லர் அவர்கள்.

ஆயினும் நடந்தது என்ன? சுவிட்சர்லாந்தில் பேராசிரியராயிருந்த நிக்லாஸ் விர்த், மாணவர்க்குக் கற்பிப்பதற்கென்றே பாஸ்கல் என்ற மொழியை வகுத்தார். கேத்லீன் ஜென்சனும் அவரும் சேர்ந்து 1974-இல் அதற்கொரு கையேடு வெளியிட்டார்கள். அதில் சூத்திரங்களும் இருந்தன. அவற்றோடு படங்களும் இருந்தன. இருப்புப்பாதை போன்ற படங்கள்! இடப்பக்கம் ஏறினால் வலப்பக்கம் இறங்க வேண்டும். நடுவே பாதை பிரியும். எந்தக் கிளையிலும் போகலாம். சில இடங்களில் பாதை பின்னோக்கி வளைந்து மீண்டும் அதே இடத்துக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம். வட்டத்துக்குள் இருப்பதை அப்படியே எழுத வேண்டும். சதுரத்துக்குள் இருப்பது வேறொரு படத்தின் பெயர். அங்கே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான் அதைப் படிக்கும் முறை. இன்று நம் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றுள் ஓசையின்றி அமர்ந்து தரவுகளைக் காத்துக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் என்ற மென்பொருளின் கையேட்டைப் பாருங்கள். அதன் மொழியிலக்கணம் முழுவதும் இத்தகைய தண்டவாளப் படங்களாகவே தரப்பட்டிருக்கிறது. அவற்றைப் பார்த்துப் பணிபுரிபவர்கள் ‘படம் காட்டிப் பிழைப்பவர்’ என்று யாரும் சொல்வதில்லை.

நிற்க. கணிப்பொறிக்கு ஏற்றது கன்னித் தமிழுக்கு ஏற்குமா என்பார்கள். ஏற்கும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அன்று கரும்பலகையில் வரைந்ததையே இங்கு எழுத்தால் வரைந்து காட்டுகிறேன். அன்பர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வெண்பாவில் வரும் சீர்கள் எட்டே. ஈரசைச் சீர்கள் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசையில் நேரில் முடியும் காய்ச்சீர்கள் நான்கு: தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். கனிச்சீருக்கு இங்கு இடமில்லை. அடுத்தடுத்த சீர்கள் எப்படித் தொட வேண்டும் என்பதே தளை: மா முன் நிரை வரவேண்டும், விளம் முன் நேர், காய் முன் நேர். இம்மூன்றும் எல்லார்க்கும் மனப்பாடம். மனப்பாடமாய் இருந்தும் எழுதும்போது எல்லாரும் வழுக்கி விழுவது இங்கேதான்.

இப்போது இரண்டு நிலையங்கள் வரையுங்கள். ‘நேர்’ நிலையத்தில் நின்றால் அடுத்த சீர் நேரசையில் தொடங்க வேண்டும். ‘நிரை’ நிலையத்தில் நின்றால் நிரையசையில் தொடங்க வேண்டும். நேர் நிலையத்திலிருந்து நான்கு வண்டிகள் புறப்படுகின்றன: தேமா, கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய். இவற்றுள் தேமா மட்டும் நிரை நிலையத்துக்குப் போகிறது. ஏனைய மூன்றும் ஒரு சுற்றுச் சுற்றி நேர் நிலையத்துக்கே திரும்புகின்றன. நிரை நிலையத்திலிருந்தும் நான்கு: புளிமா, கருவிளம், புளிமாங்காய், கருவிளங்காய். இவற்றுள் புளிமா மட்டும் சுற்றி அங்கேயே வருகிறது. மற்ற மூன்றும் நேருக்குப் போகின்றன. வெளியேறும் வழிகளும் நான்கு. நேரிலிருந்து நாள், காசு. நிரையிலிருந்து மலர், பிறப்பு. ஈற்றடிக்கு மூன்று சீர், ஏனைய அடிகளுக்கு நான்கு சீர் என்று எண்ணிக்கொண்டால் போதும். வெண்டளை முழுவதும் இந்த இரண்டு வட்டங்களிலும் பன்னிரண்டு அம்புகளிலும் அடங்கிவிட்டது. எதுவும் விடுபடவில்லை, எதையும் நான் கூட்டவும் இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் நகரத்து மெட்ரோ வரைபடத்தோடு இதை ஒப்பிட்டார்கள். ஆர்.கே.புரத்துப் பையன் கரோல்பாக் போக வேண்டுமானால், ஹௌஸ் காஸில் மாறி, ராஜீவ் சௌக்கில் மீண்டும் மாறி, நீலத் தடத்தில் ஏற வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். அவன் அதை ஓதிக் கற்கவில்லை. வழிகளை அவன் பார்த்திருக்கிறான். அந்தப் படத்தில் உண்மையான தொலைவும் இல்லை, தெருவின் வளைவும் இல்லை. ஹாரி பெக் வரைந்து லண்டனில் 1933-இல் வெளிவந்த சுரங்க இரயில் படம் தொடங்கி வைத்த வழி அது. எங்கிருந்து எங்கே போகலாம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதறிவிடுவதே அதன் வெற்றி. தளை என்பதும் அதுதானே? எதற்குப்பின் எது வரலாம் என்பதன்றித் தளைக்கு வேறு பொருள் உண்டா?

இப்படம் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதும் இல்லை. குறள் வெண்பாவுக்கு ஏழு சீர். முதற்சீர் எட்டில் ஒன்று. அதன்பின் எந்த நிலையத்தில் நின்றாலும் புறப்படும் வழிகள் நான்கே. ஆகவே இரண்டாம் சீர் முதல் ஆறாம் சீர் வரை ஒவ்வொன்றுக்கும் நான்கு வாய்ப்பு. ஈற்றுச் சீருக்கு இரண்டு. பெருக்கிப் பாருங்கள்: 16,384. ஒரு குறள் வெண்பா நடக்கத்தக்க வழிகள் இத்தனை. வள்ளுவர் பாடியவை 1,330. ஒவ்வொரு குறளையும் அவர் தனித்தனி வழியில் நடத்தியிருந்தாலும், இருக்கும் வழிகளில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட நிரம்பியிராது. இக்கணக்கைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சிறுமி, “அப்படியானால் மிச்சம் எல்லாம் எங்களுக்கா?” என்று கேட்டாள். ஓதிக் கற்பித்த வகுப்பில் இக்கேள்வி எழுந்து நான் கேட்டதில்லை.

பெரியவரின் வாதங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வதே முறை. படம் வரைவது நம் மரபன்று என்றார். தண்டியலங்காரத்தின் சொல்லணியியலை அவர் எனக்குப் பாடம் சொல்லக் கூடியவர். அதிலுள்ள சித்திரகவியை மறந்தது எப்படி? சக்கரத்தின் ஆரங்களில் எழுத்துகளை அமைத்துப் பாடியவர்கள், பாம்பு பின்னிக் கிடக்கும் வடிவில் செய்யுளை ஓடவிட்டவர்கள், முரசின் வார்ப்பின்னலில் அடிகளைக் கோத்தவர்கள் யாவர்? நாகபந்தத்தில் இரண்டு பாம்பும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எழுத்து இரு செய்யுளுக்கும் பொதுவாய் நிற்கும். பாதை பிரிவதும் கூடுவதும் நம் புலவர்க்கு விளையாட்டாய் இருந்தன. செய்யுளைப் படத்தில் அடைத்தவர்களின் வழிவந்தவர்கள், செய்யுளின் விதியைப் படத்தில் அடைப்பதற்குத் தயங்குவானேன்?

விதியை எளிமையாக்கினால் அதன் மாண்பு குறையும் என்றார். தேமா, புளிமா என்ற வாய்பாடுகளை உண்டாக்கியவர்கள் மாண்பைக் குறைத்தார்களா? ‘நேர் நேர்’ என்று அலகிட்டு நினைவில் வைப்பது கடினம் என்றுதானே, தானும் நேர் நேராய் ஒலிக்கின்ற ஒரு மரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள்? தே, மா, சொல்லிப் பாருங்கள், பெயரே தன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. கருவிளம் என்றால் கரு, விளம், இரண்டும் நிரை. இவ்வளவு நுட்பமான கற்பித்தல் கருவியை வேறெந்த மொழியாரும் செய்தார்களா என்று எண்ணி நான் வியப்பதுண்டு. அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையை ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்தி விளிக்கும் செய்யுள்களாய் அமைத்தார். இலக்கணம் என்றாலே முகம் சுளிக்கும் மாணவன் அந்நாளிலும் இருந்திருப்பான் போலும்! காதுக்கு எளிதாக்கியவர்களைப் போற்றும் நாம், கண்ணுக்கு எளிதாக்க முயல்பவனைத் தூற்றுவது என்ன நியாயம்? அன்று கையிலிருந்தது இரண்டு மூன்று விரல் அகலமுள்ள ஓலை; அதில் சூத்திரம் எழுதினார்கள். இன்று ஆறடிக் கரும்பலகை இருக்கிறது. அதிலும் ஓலையின் அகலத்துக்கே எழுதுவேன் என்று அடம்பிடிப்பது மரபைக் காப்பதாகாது.

மூன்றாவதாக, மனப்பாடம் செய்தால் விதி முழுமையாய் வந்துவிடும் என்றார். இதுதான் எனக்குப் பெரிதும் உடன்பாடில்லாதது. பகுபத உறுப்புகள் ஆறு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நாமெல்லாரும் ஒப்பித்திருக்கிறோம். பகுதிக்கு அடுத்தபடியாக விகுதியைச் சொல்கிறோம். சொல்லில் விகுதி இரண்டாவதாகவா வருகிறது? கடைசியில் அல்லவா நிற்கிறது! முதலும் முடிவுமாகிய இன்றியமையா உறுப்புகளை முதலில் வைத்தது நூலாசிரியர் கருத்து. ஆனால் ஒப்பிக்கும் பிள்ளை அதையே வரிசை என்று எண்ணிக்கொள்கிறது. ‘நடந்தனன்’ என்பதைப் பிரிக்கச் சொன்னால் விழிக்கிறது. தண்டவாளம் போட்டுப் பாருங்கள். பகுதியில் ஏறுகிறோம்: நட. அடுத்தது சந்தி, அதில் நிற்காமல் போகவும் மாற்றுப்பாதை உண்டு. இங்கே நிற்கிறோம்: த். அடுத்து இடைநிலை: மீண்டும் த். அதன்பின் சாரியை, அதற்கும் மாற்றுப்பாதை உண்டு, ‘நடந்தான்’ அவ்வழியே போய்விடுகிறான். நடந்தனன் நிற்கிறான்: அன். கடைசி நிலையம் விகுதி: அன். ஆறாவது உறுப்பான விகாரம் எங்கே? அது நிலையமே அன்று. சந்தியாய் ஏறிய தகரமெய் நகரமெய்யாய் வேடம் மாறியதே, அந்த நிகழ்ச்சிக்குப் பெயர்தான் விகாரம். ஐந்து இடங்களும் ஒரு நிகழ்ச்சியும் ஆறு என்ற ஒரே எண்ணிக்கையில் கலந்து கிடப்பதை, எம் பள்ளிப் பருவத்தில் ஒப்பித்த நூறு முறையிலும் நான் உணர்ந்ததில்லை. வரையும்போதுதான் உணர்ந்தேன். ஆறாவது பெட்டியை எங்கே போடுவது என்று சுண்ணக்கட்டியுடன் திகைத்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

வரைபவனால் ஏமாற்ற முடியாது. எழுத்தில் ‘முதலியன’ என்று முடித்துவிடலாம், ‘சிறுபான்மை பிறவாறும் வரும்’ என்று நழுவிவிடலாம். படத்தில் ஒரு கோடு எங்கேயாவது போய்ச் சேர்ந்துதான் ஆகவேண்டும்.

என் கட்சியின் குறைகளையும் மறைக்கமாட்டேன். மறைத்தால் பெரியவர் சொல்லிவிடுவார். எதுகையை என் இரண்டு வட்டங்களால் காட்ட முடியவில்லை. ஓரடியின் இரண்டாம் எழுத்தை நினைவில் வைத்திருந்து அடுத்த அடியில் தேட வேண்டும். நிலையத்துக்கு நினைவு ஏது? வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் வரையத் தொடங்கி, இரண்டு ஞாயிறு வீணாக்கி, கடைசியில் தாள் சிலந்திக் கூடு போலாயிற்று; கிழித்தெறிந்தேன். அங்கே விதி எழுத்தைப் பார்த்துப் போவதில்லை. வினைத்தொகையா, வேற்றுமைத் தொகையா என்று பொருளைப் பார்த்துப் போகிறது. அதற்கு மரப்படந்தான் ஏற்றது. அதையும் எல்லா இடத்துக்கும் வரைய என்னால் இயலவில்லை. விளாங்காய்ச் சீரைப் புலவர்கள் வெண்பாவில் ஓசை கருதித் தவிர்ப்பார்கள். என் படமோ அதற்குத் தாராளமாய் வழிவிடுகிறது. படம் சரி என்கிறது, காது கூடாது என்கிறது. அங்கே காதுதான் வெல்ல வேண்டும். அந்தக் காது பெரியவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இதனால்தான் அவர் வகுப்பை விட்டு விலகாமல் வகுப்புக்குள் வர வேண்டும் என்கிறேன்.

யாப்பு எதற்கு என்று கேட்ட பெற்றோர்க்கும் ஒரு சொல். ஐயா, உங்கள் மகன் இந்தியில் பாடம் படிக்கிறான், ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறான். தமிழ் அவனுக்குச் சமையலறையில் காதில் விழும் மொழி. சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், கதவைச் சாத்து. இவ்வளவுதான் நாம் அவனுக்குக் கொடுத்திருக்கும் தமிழ். ஏவலுக்கு மட்டும் பயன்படும் மொழியை எந்தப் பிள்ளை மதிக்கும்? பள்ளியில் கணிப்பொறிப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு, ‘உன் பாட்டனின் மொழியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்படியோர் அமைப்பு வகுத்தார்கள், கணிப்பொறியே அதைச் சோதித்துச் சொல்லக் கூடும்’ என்று காட்டினால், அவன் நிமிர்ந்து உட்காருகிறான். இதை நான் கண்ணால் கண்டேன். வெண்பாவின் தளையைச் சரிபார்க்க மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன. நம் பிள்ளைகள் நாளை அவற்றினும் மேலானவற்றைச் செய்யத்தக்கவர்கள். விதியே தெரியாமல் எதைக் கொண்டு செய்வார்கள்?

பெரியவருக்குக் காணிக்கையாக ஒரு குறள் வெண்பா கட்டினேன். கவிதை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தடம் புரளாமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோடு வரைந்தால் குறையோ இலக்கணம்
பாடம் எளிதாம் படி.

நேர் நிலையத்தில் ஏறினேன். தேமா என்னை நிரைக்குக் கொண்டுபோயிற்று. அங்கே புளிமா இரண்டு முறை சுற்றியது. கருவிளத்தில் ஏறி நேருக்கு மீண்டேன். இரண்டாம் அடி, மீண்டும் தேமா, மீண்டும் நிரை, ஒரு புளிமா, பின்னர் மலர் என்ற வாயிலால் வெளியே வந்துவிட்டேன். அன்பர்கள் தம் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்து பார்க்கலாம்.

இதற்கு முன் நான் எழுதிய வேறொரு வாழ்த்து வெண்பா இம்மலரில் வந்திருக்க வேண்டியது. வராமற் போனதற்குக் காரணம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவன். அவன் பேச்சில் பாதி இந்தி. என் வெண்பாவை அவனிடம் கொடுத்துப் படத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். விரலை நகர்த்திக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். “மாமா, ‘தமிழே’ புளிமா. வண்டி நிரையிலேயே நிற்கிறது. நீங்கள் ‘வாழ்க’ என்று நேரில் இறங்கிவிட்டீர்களே?” என்றான். பார்த்தேன். மா முன் நேர், வெண்பாவுக்குள் ஆசிரியத்தளை. ‘வளர்க’ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று அவனே சொன்னான். மூன்று விதியையும் இருபத்தைந்து ஆண்டுகளாய் மனப்பாடமாய் வைத்திருந்த நான் எழுதிய பிழை அது. மூன்று கிழமைக்கு முன் முதன்முதலாய் ‘தளை’ என்ற சொல்லைக் கேட்டவன் கண்டது. வெட்கத்தால் அந்த வெண்பாவை மலருக்குக் கொடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று பிள்ளைகளுக்கு ஊக்கம் பிறந்துவிட்டது. சங்கத்து அலமாரியிலிருந்து பழைய மலர்களை எடுத்து வந்து, கிடைத்த வெண்பாக்களையெல்லாம் தண்டவாளத்தில் ஓட்டத் தொடங்கினார்கள். யார் யார் தடம் புரண்டார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நாளை நான் சங்கத்துக்குள் நடமாட வேண்டும். சென்ற ஆண்டு மலரில் பெரியவர் எழுதிய நேரிசை வெண்பாவும் அவர்கள் கையில் சிக்கியது. மூன்று பேர் முறைவைத்துச் சோதித்தார்கள். பதினைந்து சீரும் ஒன்றுகூடப் பிசகாமல் போய்ச் சேர்ந்தன. வகுப்பே கைதட்டிற்று. அந்தக் கைதட்டலை அவர் கேட்கவில்லை; அந்தச் செய்தியையும் இதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.